வாசலில் கேட்கும் முதல் கேள்வி

எங்கள் குழுவிலிருந்து ஒருவர் வெளியேறியதை மூன்று நாள் கழித்துத்தான் கவனித்தேன். பெயர் இல்லை. பத்து இலக்க எண் ஒன்று குழுவை விட்டு விலகியதாகத் திரையில் ஒரு மங்கிய வரி கிடந்தது. அதற்கு மேலும் கீழும் மீன் பெயர்களைப் பற்றிய விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. சாளை என்று எழுதுவதா, மத்தி என்று எழுதுவதா, எதை எழுதினால் ஏலம் விடும் இடத்தில் குழப்பம் வராது என்று நாங்கள் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தோம். அந்தச் சொற்பட்டியலில் பாதியை எழுதித் தந்தவளே எழுந்து போயிருந்தாள்.

நாங்கள் செய்துவருவது ஒரு சிறிய கட்டற்ற மென்பொருள். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு, ஏலத்தில் கிடைத்த தொகையைப் படகுக்கும் வலைக்கும் ஆளுக்குமாகப் பங்கு பிரிக்கிற கணக்கை, நாட்டுப்படகுக்காரர்கள் நோட்டில் எழுதுவதற்குப் பதிலாகக் கைபேசியில் எழுதிக்கொள்ள உதவும் செயலி. சிக்னல் இல்லாத இடத்திலும் ஓட வேண்டும், தமிழில் இருக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ள வேண்டும். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று கரை நெடுக ஆட்கள் இருக்கிறார்கள். நிரல் எழுதுகிறவர்கள் ஏழெட்டுப் பேர். சோதித்துப் பார்ப்பவர்களையும் சொல் திருத்துபவர்களையும் சேர்த்தால் நாற்பதை நெருங்கும். இவர்கள் எல்லோரும் கைபேசி எண்ணை வைத்து இயங்கும் ஒரு செயலியில் கூடிப் பேசிவந்தோம். அதைத் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்ல முடியாது. எல்லோர் கையிலும் ஏற்கெனவே இருந்தது, அங்கேயே உட்கார்ந்துவிட்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்கு, பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்துக்குப் போனேன். வீட்டு முன்னால் அவளுடைய அம்மா தார்ப்பாயில் பாசியை உலர்த்திக்கொண்டிருந்தார். அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டி வரும் நாட்களில் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கிற பெண்களில் அவரும் ஒருவர். பாறை கீறாமலிருக்க விரல்களில் சுற்றிக்கொண்ட துணியை இன்னும் அவிழ்க்கவில்லை. மகள் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே சொன்னாள்.

“கோபமெல்லாம் இல்லை அண்ணே. அந்த எண் என்னுடையது இல்லை. வீட்டு எண்.”

குழுவில் இருந்த ஒருவன் அந்த எண்ணை எடுத்துவைத்துக்கொண்டு முதலில் காலை வணக்கம் அனுப்பியிருக்கிறான். பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறான். பிறகு இரவு பதினொரு மணிக்கு அழைத்திருக்கிறான். எடுத்துப் பேசியது அவளுடைய அண்ணன். யார் இவன், உன்னை எப்படித் தெரியும் என்று அண்ணன் கேட்டதற்கு அவள் சொன்ன பதில் உண்மையான பதில்தான். ஆனால் கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன என்று அந்த நடுராத்திரியில் எந்த வீட்டிலும் விளக்கிவிட முடியாது. பேச்சை முடிக்கக் குழுவை விட்டு விலகிவிட்டாள்.

அம்மா பாசியைப் புரட்டிப் போட்டபடியே சொன்னார்: “பாசி வாங்குகிறவர் கூப்பிடுகிற எண் தம்பி அது. ராத்திரி மணி அடித்தால், கடலுக்குப் போனவருக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் பதறி எழுந்திருக்கிறோம்.”

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த ஆளைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டேன் என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். பிறகு, குற்றம் சாட்டும் குரலில் இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள்: “சொல் தருவதற்கு என் எண் எதற்கு அண்ணே?”

பாம்பனிலிருந்து மண்டபத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்தக் கேள்வி கூடவே வந்தது. இன்றுவரை இறங்கவில்லை.

ஓர் ஆளுக்கு ஓர் எண் என்பது நகரத்துக் கணக்கு. இந்தக் கரையில் பல வீடுகளில் எண் என்பது வாசல் கதவைப் போல, வீட்டுக்கு ஒன்று. வங்கிக் குறுஞ்செய்தி அதில்தான் வரும். ரேஷன் அட்டைக்கும் தடைக்கால நிவாரணத்துக்கும் கொடுத்திருப்பது அதுதான். வியாபாரியும் உறவினரும் படகில் போனவரும் அழைப்பது அதில்தான். அவள் குழுவில் இருந்த இத்தனை நாளும் அம்மாவின் படத்தோடுதான் இருந்தாள். அவள் எழுதிய ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் நாங்கள் பார்த்தது, முக்காடிட்டு நின்ற ஒரு நடுவயதுப் பெண்மணியின் முகம். யார் இந்த அம்மா, இத்தனை மீன் தெரிந்திருக்கிறதே என்று எங்களில் சிலர் வியந்ததும் உண்டு. துபாயில் வேலை பார்க்கும் கீழக்கரைக் காக்கா (அந்த ஊரில் அண்ணனை அழைக்கும் சொல்) ஒருவருக்கு வேறு விதமான இடைஞ்சல். வேலை மாறி அந்த நாட்டு எண்ணை விட்டதும் அவருடைய கணக்கும் கைவிட்டுப் போனது. புது எண்ணில் வந்தவர் அவர்தானா என்று எங்களுக்கு உறுதியாகச் சில நாட்கள் ஆயின. மூன்று வருடம் நிரல் எழுதித் தந்தவரை யாரென்று அடையாளம் சொல்ல ஓர் எண்ணைத் தவிர எங்களிடம் எதுவும் இல்லை.

வேறு வீடு

சொந்தமாக ஓர் உரையாடல் சர்வர் அமைப்பது என்று முடிவு செய்தபோது, பழகிய வழியாக ஐஆர்சி என்ற பழைய இணைய உரையாடல் முறை முதலில் நினைவுக்கு வந்தது. 1988இல் ஃபின்லாந்தின் ஊலு நகரில் யார்க்கோ ஓய்காரினென் எழுதியது. கட்டற்ற மென்பொருள் உலகம் வளர்ந்ததே அதன் அறைகளில்தான். எண் கேட்பதில்லை. ஒரு புனைபெயர் போதும். ஆனால் இணைப்பு அறுந்திருக்கும் நேரத்தில் பேசியது உங்களுக்குக் கிடைக்காது. எந்நேரமும் இணைப்பில் இருக்கும் இன்னொரு கணினியை இடையில் நிறுத்தி அதைச் சமாளிப்பவர்கள் உண்டு. மாணவர்களிடமும் படகுக்காரர்களிடமும் அதைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. வாடைக்காற்றும் மழையும் வந்தால் இங்கே மின்சாரமும் சிக்னலும் சேர்ந்தே போகும்.

ஐஆர்சியிடமிருந்து வேறொரு பாடம் கிடைத்தது. ஃப்ரீநோட் என்ற வலையமைப்பில் நூற்றுக்கணக்கான மென்பொருள் குழுக்கள் ஆண்டுக்கணக்காகக் குடியிருந்தன. 2021 மே மாதத்தில் அதன் கட்டுப்பாடு யாரிடம் என்ற பூசல் முற்றி, அதை நடத்திவந்த தன்னார்வலர்கள் கூட்டமாக விலகி, லிபெரா சாட் என்ற புது வலையமைப்பைத் தொடங்கினார்கள். உபுண்டு, ஜென்டூ, விக்கிமீடியா போன்ற பெரிய குழுக்களே மூட்டை கட்டிக்கொண்டு இடம் மாற வேண்டியதாயிற்று. அதனால் எந்த மென்பொருளை நிறுவினாலும், இணையப் பெயர் எங்கள் கையில் இருக்க வேண்டும், தரவு எங்கள் கையில் இருக்க வேண்டும் என்று எழுதிவைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினோம்.

முதலில் மேட்ரிக்ஸை நிறுவினேன். 2014இல் தொடங்கிய அந்த நெறிமுறையின் (கணினிகள் ஒன்றோடொன்று பேச வகுத்த விதிகளின்) அடிப்படை எண்ணம் எனக்கு இன்றும் மிகவும் பிடித்தது. ஓர் அறை எந்த ஒரு சர்வருக்கும் சொந்தமில்லை. அதில் பங்கெடுக்கும் ஒவ்வொரு சர்வரும் அறையின் பிரதியை வைத்திருக்கும். ஒன்று விழுந்தாலும் மற்றவை பேசிக்கொண்டிருக்கும். வீட்டிலேயே ஒரு பழைய மடிக்கணினியில் ஓட்டலாம் என்று ஆசைப்பட்டேன். வீட்டு இணைப்புக்கு வெளியிலிருந்து எட்டக்கூடிய தனி முகவரி கிடைக்கவில்லை. தவிர, 2024 நவம்பரில் ராமேஸ்வரம் தீவில் ஒரே நாளில் 40 செ.மீட்டருக்கு மேல் கொட்டிய மழையை நேரில் பார்த்தவர்கள் யாரும் தரையோடு தரையாக ஒரு சர்வரை வைக்கத் துணிய மாட்டார்கள். வெளியூரில் ஒரு ஜிபி நினைவகம் கொண்ட சிறு இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தோம்.

மேட்ரிக்ஸுக்கான சர்வர் மென்பொருளான சினாப்ஸ் அங்கே ஓடியது. எங்கள் அறை மட்டும் இருந்தவரை ஒழுங்காகவே ஓடியது. குழுவில் சிலர் வெளியுலகின் பெரிய மென்பொருள் அறைகளில் சேர்ந்தார்கள். அதற்காகத்தானே இந்த ஏற்பாடு. அந்த அறைகளின் ஆயிரக்கணக்கான உறுப்பினர்களின் நிலைத் தகவல் முழுவதையும் எங்கள் குட்டி இயந்திரம் சுமக்க வேண்டிவந்தது. நினைவகம் நிரம்பி, சர்வர் தானே விழுந்து எழுந்து விழுந்தது. பெரிய இயந்திரத்துக்குப் பணம் கட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். எனக்கு உறுத்தியது மறுமுனை. சின்னப்பாலத்துக்குப் போய் அவளுடைய அண்ணனின் பழைய கைபேசியில் செயலியை நிறுவி, சர்வரிலிருந்து எல்லாம் வந்து சேரும் முதல் ஒத்திசைவு முடியக் காத்திருந்தோம். சக்கரம் சுழன்றது. டீ வந்தது, குடித்தோம், சுழன்றுகொண்டே இருந்தது. அவள் எதுவும் சொல்லவில்லை. கைபேசியை மெதுவாகத் தரையில் வைத்தாள். நான் கொண்டுவந்த வாசல் அவளுக்குத் திறக்கவில்லை.

பிறகு எக்ஸ்எம்பிபி. 1999இல் ஜெரமி மில்லர் ஜாபர் என்ற பெயரில் வெளியிட்ட பழைய நெறிமுறை. அதற்கான சர்வர்களில் லுவா மொழியில் எழுதப்பட்ட பிரோசடியை எடுத்தேன். நிறுவுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: ஒரே அமைப்புக் கோப்பு, பயனர்களுக்கு 5222, பிற சர்வர்களுக்கு 5269 என இரண்டு போர்ட்டுகள் (இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல்கள்), இணையப் பெயர்களின் பதிவேடான டிஎன்எஸ்ஸில் சில வரிகள், அறைகளுக்கெனத் தனித் துணைப்பெயர். எல்லோரும் இணைந்த பிறகும் அந்த வாடகை இயந்திரத்தின் நினைவகத்தில் பெரும்பகுதி சும்மாவே கிடந்தது. கவனமாக இருக்க வேண்டிய ஓரிடத்தை மட்டும் சொல்கிறேன். இணைப்பைப் பூட்டத் தேவையான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் 90 நாள்தான் செல்லும். அது தானாகப் புதுப்பிக்கப்படும். ஆனால் புதுப்பிக்கப்பட்ட கோப்பைப் பிரோசடி தானாக எடுத்துக்கொள்வதில்லை, அதன் கோப்புறைக்குள் நாம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இதை நான் செய்யாமல் விட்டதால் ஒரு காலையில் நாற்பது பேருக்கும் வாசல் மூடிக்கொண்டது.

நான் மனதார விரும்பியது அதன் மீள் இணைப்பு ஏற்பாட்டை. அனுப்பிய செய்தி கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று சர்வரும் கைபேசியும் ஒன்றையொன்று கேட்டு உறுதி செய்துகொள்கின்றன. இணைப்பு அறுந்தால் சர்வர் உடனே உங்களை வெளியேற்றுவதில்லை. இயல்பாகப் பத்து நிமிடம் உங்கள் இடத்தைக் காத்து வைத்திருக்கும். திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மண்டபத்திலிருந்து பஸ் ஏறிச் சோதித்தேன். பாலத்தின் நடுவில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே பழைய ரயில் பாலமும் அதை ஒட்டிப் புதுப் பாலமும் தெரிய, இணைப்பை வேண்டுமென்றே துண்டித்து, வரிசையாக ஏழு செய்திகளை எழுதினேன். பாம்பன் நிறுத்தத்தில் இறங்கி இணைத்தபோது ஏழும் வரிசை மாறாமல் போய்ச் சேர்ந்தன. கரையில் நின்று கயிற்றைப் பிடித்திருக்கிற ஆளைப் பார்த்ததுபோல் இருந்தது.

பெயர்

மறுபடியும் சின்னப்பாலம். இம்முறை செயலியைக் கட்டற்ற செயலிகளின் கிடங்கான எஃப்-டிராய்டிலிருந்து இறக்கினோம். எக்ஸ்எம்பிபியில் பேச உதவும் கான்வர்சேஷன்ஸ் அங்கே இலவசமாகக் கிடைக்கிறது. அழைப்பு இணைப்பைத் தொட்டதும் திரை கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: என்ன பெயர்?

“என் பெயரைத்தான் போட வேண்டுமா?”

“வேண்டாம். நீ எந்தப் பெயரில் தெரிய வேண்டும் என்று விரும்புகிறாயோ, அது.”

“தமிழில் போடலாமா?”

இதற்கான பதில் எனக்குத் தெரிந்திருந்தது, அதைச் சொல்லக் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். மேட்ரிக்ஸில் காட்சிப் பெயர் எந்த மொழியிலும் இருக்கலாம். ஆனால் முகவரியில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளும் எண்களும் சில குறிகளும்தான் அனுமதி. எக்ஸ்எம்பிபியில் முகவரியே தமிழில் இருக்கலாம். உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் உட்பட. போடலாம் என்றேன். அவள் யோசித்தாள். வாசலில் அம்மா உலர்ந்த பாசியைச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தார். அகர் என்ற கூழ்ப்பொருள் எடுக்கப் போகும் அந்தச் செம்பழுப்புப் பாசிக்குக் கரையில் மரிக்கொழுந்து என்று பெயர். அதைத்தான் தட்டச்சு செய்தாள்.

அன்றிரவு சர்வரில் நுழைந்து கணக்குக் கோப்புகளைப் பார்த்தேன். பிரோசடி ஆங்கிலமல்லாத எழுத்துகளைக் கோப்புப் பெயரில் அப்படியே வைப்பதில்லை. எழுத்தைக் கணினி சேமிக்கும் அலகான ஒவ்வொரு பைட்டையும் விழுக்காட்டுக் குறி போட்டு எண்ணாக மாற்றி வைக்கும். மரிக்கொழுந்து என்பதில் யூனிகோடு குறிகள் (எழுத்தையும் கொம்பு, புள்ளி போன்றவற்றையும் தனித்தனியே எண்ணினால்) 13; குறிக்கு மூன்று பைட், ஆக 39 பைட்; பைட்டுக்கு மூன்று எழுத்தாக 117 எழுத்து நீளத்தில் ஒரு கோப்புப் பெயர். பார்ப்பதற்கு எந்த மொழியிலும் சேராத நீண்ட சங்கிலி. ஆனால் பிரோசடி அதை அவிழ்த்து, உலகத்தில் எந்த எக்ஸ்எம்பிபி சர்வருக்கும் மரிக்கொழுந்து என்றே அனுப்பும். வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் படத்துக்குப் பின்னால், அண்ணனின் கேள்விக்கு முன்னால், பத்து இலக்கத்துக்குள் அடைந்து கிடந்தவளுக்கு அவளே வைத்துக்கொண்ட பெயர் அது.

சாவி

வாசலில் எதையும் கேட்காமல் விட்டால் யார் வேண்டுமானாலும் வருவார்கள். அதை உடனே கண்டேன். தொடக்கத்தில் யாரும் பதிவு செய்யலாம் என்று திறந்துவைத்திருந்தேன். இரண்டே நாளில் யாரென்றே தெரியாத கணக்குகள் முளைத்து, எங்கள் சர்வரிலிருந்து வெளியே குப்பைச் செய்திகளை வீச ஆரம்பித்தன. அப்படியே விட்டால் மற்ற சர்வர்காரர்கள் எங்களைத் தடுத்துவிடுவார்கள். இப்போது உள்ளே இருக்கும் எவரும் அழைப்பு இணைப்பு தரலாம். ஒரு வாரத்தில் அது காலாவதியாகும். எண் தேவையில்லை, ஆனால் ஏற்கெனவே உள்ள ஒருவர் கைபிடித்து அழைத்து வர வேண்டும். ஊருக்குப் புதிதாக வருகிறவரை யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்போமே, அந்த அளவுக்குத்தான்.

இதைவிடக் கடினமான பேச்சு மறைகுறியாக்கம் பற்றியது, அதாவது வேறு யாரும் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டி அனுப்புவது பற்றியது. எங்கள் அறையில் ஒருவருடைய புனைபெயர் மட்டும்தான் மற்றவர்களுக்குத் தெரியும்; முழு முகவரி நிர்வாகிகளுக்கு மட்டும் தெரியும். அறைக்கு வெளியே யாரும் யாரையும் தனியே தேடிப் போய்ப் பேச முடியாதபடி இருக்க இந்த ஏற்பாடு. ஆனால் ஒமேமோ என்ற முனைக்கு முனை மறைகுறியாக்கம் குழு அறையில் இயங்க வேண்டுமென்றால், எல்லோருக்கும் எல்லோருடைய முகவரியும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். மறைகுறியாக்கம் இல்லாத இடத்தில் கட்டற்ற மென்பொருள்காரன் எப்படி உட்காருவான் என்று தொண்டி நண்பர் கொதித்தார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. கைபேசிக்கும் சர்வருக்கும் இடையே வழி பூட்டியிருந்தாலும், சர்வருக்குள் செய்திகள் திறந்தே கிடக்கின்றன. நான் நினைத்தால் படிக்கலாம். இரண்டு வாரம் பேசினோம். கடைசியில் மரிக்கொழுந்து எழுதியது இது: “பங்குக் கணக்கைப் பற்றிப் பேசுவதை யார் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. பேசியது யார் என்று தெரியாமல் இருந்தால் போதும்.” முகவரியை மறைப்பது என்று முடிவாயிற்று. நிர்வாகி படிக்க முடியும் என்பதை அறையின் தலைப்பிலேயே எழுதிவைத்திருக்கிறேன். புதிதாக வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

பேச்சை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதில்தான் எனக்கு இன்னும் மனம் அமையவில்லை. பிரோசடி இயல்பாக ஒரு வாரம் வைத்திருக்கும். நாங்கள் முப்பது நாள் என்று மாற்றினோம். எடுத்த முடிவுகள் நிரலோடு சேர்ந்த ஆவணத்தில் ஏறிவிடும், பேச்சு அழிந்துவிடும். வடகடலில் ஒரு மீனுக்குச் சொல்லும் பெயரைத் தென்கடல்காரர் மறுத்து, அதற்குத் தாத்தா காலத்துக் கதையைச் சாட்சிக்கு இழுத்து, நள்ளிரவு தாண்டியும் நீளும் உரையாடல்களை நான் வாசித்திருக்கிறேன். இறுதியில் ஆவணத்தில் ஏறுவது ஒரே ஒரு சொல். மற்றதெல்லாம் முப்பத்தோராம் நாள் இல்லாமல் போகிறது. அது போகும்போது எனக்கு வலிக்கிறது. வைத்துக்கொண்டால் என்ன என்று ஒருநாள் அறையில் கேட்டேன். வைத்துக்கொள்வார்கள் என்று தெரிந்தால் தெரியாததைக் கேட்க யாருக்கும் வாய் வராது என்றாள் அவள். ஒப்புக்கொண்டேன். வலி குறையவில்லை.

இப்போது இன்னொரு வேலை மிச்சம் இருக்கிறது. சர்வரின் நிர்வாகக் கடவுச்சொல் என் ஒருவனிடம்தான் இருக்கிறது. எனக்கு ஏதாவது நேர்ந்தால், அல்லது நான் தவறாக நடந்தால், இந்த நாற்பது பேரும் மறுபடியும் மூட்டை கட்ட வேண்டும். இரண்டாவது நிர்வாகியாக இருக்க முடியுமா என்று சென்ற வாரம் மரிக்கொழுந்திடம் கேட்டேன். எல்லோருடைய முழு முகவரியும் அவளுக்குத் தெரியும், எல்லோருடைய பேச்சையும் அவளால் படிக்க முடியும் என்பதையும் சொன்னேன். நெடுநேரம் பதில் இல்லை. பிறகு ஒரு வரி வந்தது.

“இந்தப் பௌர்ணமிக்கு அம்மாவோடு நானும் கடலுக்குப் போகிறேன் அண்ணே. வந்து சொல்கிறேன்.”